லாஞ்சு மந்திரித்த நாள்

வெள்ளைப் பாவாடை, தலையில் காகிதப் பூமுடி, கையில் மெழுகுதிரி என்று என்னோடு புதுநன்மைக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்று கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார்கள். மீதிப் பேர் பிள்ளைகளோடு வெளியூர் அடுக்குமாடிகளில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதன் முடிவு முதல் பாதிக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இரண்டாம் பாதிக்குத்தான் இதை எழுதுகிறேன். முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, மருமகள் புராணம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாசியுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே நம் ஊர். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டி முடித்திருந்த காலம். சாயங்காலமானால் வடக்கே கப்பல் விளக்குகள் தெரியும். உங்களுக்கு மடத்துச் சிஸ்டரின் இரும்பு ஞாபகம் இருக்கிறதா? நீளக் கைப்பிடி வைத்த இரட்டைத் தகடு. நடுவில் கோதுமை மாவுக் கரைசலை ஊற்றி அடுப்பில் காட்டி எடுத்தால், சிலுவை பதிந்த மெல்லிய அப்பம் வரும். அதை வட்டம் வட்டமாக வெட்டினால் பூசைக்கு வேண்டிய ஓஸ்தி. மடத்தில் இருக்கும்வரை அது வெறும் அப்பம். பலிபீடத்தில் வைத்துச் சாமியார் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகுதான் ஆண்டவர், நாம் நாவில் வாங்குகிற நன்மை. இந்த வித்தியாசத்தைச் சிஸ்டர் நம் மண்டையில் குட்டிக் குட்டியே ஏற்றினார். வெட்டியது போக மிஞ்சிய ஓரங்களைச் சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் காகிதத்தில் சுருட்டித் தருவார். உப்பும் கிடையாது, இனிப்பும் கிடையாது. ஆனாலும் அதற்காகவே வகுப்புக்கு வந்த சிலரை எனக்குத் தெரியும்.

என் பங்கை நான் தின்பதில்லை. சித்தப்பாவுக்குக் கொண்டு போவேன்.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. சங்கு குளிக்கிறவர். காலில் கல்லைக் கட்டிக் கடலின் அடிக்குப் போய், மூச்சு முட்டும்வரை மணலில் துழாவிச் சங்கு பொறுக்கிப் பையில் போட்டு, இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுப்பார். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். நான்கு மூச்சு விடும் நேரம் தாமதித்தாலும் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் மற்ற வள்ளங்களில் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள். உடன்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாதே என்ற பயத்தில் மச்சான்காரன் கண் அசரமாட்டானாம். சித்தப்பாவுக்கு எங்கள் அப்பாதான் பிடித்தார். "மச்சானுக்குத் தங்கச்சி மேல பாசம், எனக்குத் தம்பி மேலயே பாசம்" என்பார். அந்தக் கயிறு உரசி உரசி அப்பாவின் உள்ளங்கை ஆமை ஓடு மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் சித்தப்பா வலம்புரிச் சங்கு எடுத்தார். லட்சத்தில் ஒன்றுதான் அப்படி வலப்பக்கம் சுழித்திருக்கும் என்பார்கள். அதிகாரிகள் வந்து மாலை போட்டார்கள். ஊரே தோளில் தூக்கிப் போனது. சங்கு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் அப்பாவுக்கு அந்த மாலை வாடவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், மீன் விற்கிறவள் வந்தாலும்கூட, "இவன்தான் வலம்புரி எடுத்தவன்" என்று ஆரம்பித்துவிடுவார். சித்தப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும். "எடுத்தது நான். இப்ப எவன் வீட்டுப் பூசையறையில இருக்கோ. நான் மேல கொண்டாந்தது எதாச்சும் எங்கிட்ட தங்கிச்சா?" என்பார்.

அவரிடம் எதுவும் தங்காததும் உண்மைதான். சித்தி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். மருத்துவச்சி அவசரமாகத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையும் அன்றைக்கே போய்விட்டது. அப்பா வேறு பெண் பார்த்தார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ அங்கன பிள்ளையோட காத்துக்கிட்டு இருக்கா. இன்னொருத்தியயும் கூட்டிட்டுப் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்று சிரிப்பார். மோட்சத்தைப் பற்றி அவர் பேசுவது, பக்கத்து ஊரில் பெண் கட்டியவன் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

நமக்குப் புதுநன்மை வந்த வருஷம், சங்குக் குளிப்பின் கடைசியில், மேலே வந்தவரின் மூக்கிலும் காதிலும் ரத்தம். அதற்குப் பிறகு இருமல். இருமலில் ரத்தம். டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகக் கவனியுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மனசில்லை.

அப்போது அப்பா கரையில் லாஞ்சு கட்டிக்கொண்டிருந்தார். நம் ஊரில் மெசின் வைத்துக் கட்டிய முதல் படகு அதுதான். பாய்மர வள்ளத்தில் கிடந்து சாக வேண்டாம், கல்லைக் கட்டிக் கீழே போக வேண்டாம், தம்பி இனி சுக்கான் பிடித்து நின்றால் போதும் என்பது அவர் கணக்கு. சித்தப்பாவின் பாதுகாவலரான புனிதரின் பெயரையே லாஞ்சுக்கு எழுதச் சொல்லியிருந்தார். "லாஞ்சு தண்ணியில நிக்கத அவன் ஒரு தடவ பாக்கட்டும். சீக்கெல்லாம் பறந்துரும்" என்று அம்மாவிடம் சொல்வார். நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

சித்தப்பா கேட்டதோ வேறு. வாரம் தவறாமல் நன்மை வாங்குகிற மனிதர் அவர். படுக்கையில் விழுந்த பிறகு கோயிலுக்குப் போக முடியவில்லை. "அண்ணே, சாமியார ஒரு எட்டு வரச் சொல்லு. அவஸ்தை பூசி நன்மை தரட்டும்" என்றார்.

நோயாளி வீட்டுக்கு நன்மை கொண்டுபோகும் நம் காலத்து ஊர்வலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாமியார் தோளில் சால்வையைப் போர்த்தி, அதன் முனைகளால் ஆண்டவரை மூடி நெஞ்சோடு அணைத்து வருவார். தலைக்கு மேல் வெள்ளைக் குடை. முன்னால் உபதேசியார் கைமணியைக் கிலுக்கிக்கொண்டே போவார். அந்தச் சத்தம் கேட்டதும் வலை பின்னுகிறவன், மீன் அரிகிறவள், சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் தெருவில் முட்டுக்குத்தி விடுவார்கள். மணி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குச் சாவு வந்துவிட்டது என்று அர்த்தம். அவஸ்தையில் பூசும் எண்ணெய் நோயாளிக்கு ஆறுதலும் பலமும் தருவதற்கு, சாவுக்கென்று நினைக்காதீர்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். யார் காதில் ஏறியது? எண்ணெய் பட்டால் ஆள் பிழைக்காது என்றுதான் ஊரே நம்பியது. மணி நின்ற வீட்டுக்காரர் புது லாஞ்சைக் கடலில் இறக்கவும் மாட்டார். துக்கம் எல்லாம் கழிந்து அடுத்த பருவம் வரும்வரை அது கரையிலேயே கிடந்து வெயிலில் பிளக்கும்.

"வருவாருல. இன்னும் நாலு நாள். லாஞ்சு எறங்கட்டும், அன்னைக்கே கூட்டியாறேன்" என்றார் அப்பா.

"நாலு நாள் நான் தாங்கணும்லா?"

"வாய மூடுல. ஒனக்கு என்ன வந்துட்டு? வெறும் இருமல்."

சாமியார் வழியில் பார்த்து விசாரித்தபோதும் அப்பா அதையேதான் சொன்னாராம், வெறும் இருமல் என்று. சாமியாருக்குப் பார்க்க மூன்று ஊர்க் கோயில். நம்பிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சித்தப்பா கேட்டார். அடுத்த நாள் கேட்டபோது குரல் தேய்ந்திருந்தது. "அண்ணே, கடலுக்குள்ள நான் கயித்த இழுத்தா நீ ஒரு நாளும் தாமசிச்சதில்ல. இப்ப இழுக்கேன். ஏண்ணே தாமசிக்க?" என்றார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. வகுப்பு முடிந்து காகிதச் சுருளோடு வந்தேன். சித்தப்பாவுக்கு அப்போது கஞ்சிகூட இறங்கவில்லை. நாக்கில் வைத்தால் கரைந்துவிடும் இந்த ஓரங்களை மட்டும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்வார். அப்பா வாசலில் என்னை நிறுத்திச் சுருளைப் பிரித்துப் பார்த்தார். ஓரங்களுக்கு நடுவே முழு வட்டம் ஒன்று, சிலுவை கோணலாகப் பதிந்ததால் சிஸ்டர் கழித்துப் போட்டது. அதை மட்டும் எடுத்துச் சலவைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே போனேன்.

"தம்பி, சாமியார் குடுத்தனுப்பிச்சாரு. மணி, கூட்டம் ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு" என்றார் அப்பா. கைக்குட்டையை விரித்து நீட்டினார்.

அம்மா அடுக்களை வாசலில் நின்றவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். நம் சனத்தில் அந்தக் காலத்தில் யாரும் செய்யத் துணியாத காரியம். நன்மையை நாம் பல்லால்கூடக் கடிக்கமாட்டோம்; விரலால் தொட்டால் விரல் அழுகும் என்று நம்பினோம். சித்தப்பா அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"நீ ஒன் கையால எடுத்தியாண்ணே?"

அப்பா கைக்குட்டையின் முனையை மடித்தார்.

"அப்ப இது வெறும் அப்பந்தான். நெசமாவே ஆண்டவரா இருந்தா நீ தொட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா ஒன்ன? அந்த அளவுக்குக் கெட்டவன் இல்ல நீ" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பாவுக்குத் தேவலை. அந்த அப்பத்தை என்னிடம் கொடுத்து, "நீ தின்னு பிள்ள, நாளைக்கு ஒனக்குப் பரிச்சை இருக்குல்லா" என்றார். அது என் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாஞ்சு மந்திரிப்பு. ஞானோபதேசப் பரீட்சையைச் சிஸ்டர் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார். விடியும்போதே சித்தப்பாவின் நெஞ்சு இரைந்தது. அம்மா ஒருநாளும் அப்பாவை எதிர்த்துப் பேசாதவள். அன்றைக்கு வாசலை மறித்து நின்றாள்.

"சாமியார மொதல்ல இங்கன கூட்டிட்டு வாங்க. பொறவு கடலுக்குப் போங்க. நான் ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"கரையில ஊரே நிக்கி. சாமியார் மந்திரிச்ச கையோட ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து சுத்திட்டு நேரா இங்கனதான் கூட்டியாறேன். அவன் சன்னல் வழியா பாக்கட்டும்" என்றார் அப்பா. புது வேட்டி, கழுத்தில் மச்சான்மார் போட்ட செவ்வந்தி மாலை. அம்மா வழிவிட்டாள்.

சித்தப்பாவின் கட்டில் கடல் பார்த்த சன்னலோரம் கிடந்தது. அப்பா சொன்னபடியே எல்லாம் தெரிந்தது. காகிதத் தோரணம் கட்டிய லாஞ்சு, வெள்ளை அங்கியில் சாமியார் தீர்த்தம் தெளிப்பது, நூறு ஆண்கள் வடம் பிடித்து இழுப்பது, வெடிச்சத்தம். லாஞ்சு தண்ணீரில் இறங்கியபோது சித்தப்பா, "நல்லா எறங்கிட்டு. பக்கம் சாயல" என்றார். அண்ணனின் லாஞ்சைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். சாமியாரையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு லாஞ்சு கடலுக்குள் போனது. மெசின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

பிறகு சித்தப்பா தலையை லேசாகத் தூக்கினார். "மெசின் நின்னுட்டு மதினி" என்றார்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கரையில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. தூரத்தில் லாஞ்சு தோரணத்தோடு நின்றது. சந்தோஷத்தில் நிறுத்தி வைத்து மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கடலின் அடியில் இருந்தே மேலே வள்ளம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிகிற காது சித்தப்பாவுடையது. அது தப்பவில்லை.

"சாமியாரும் உள்ளதான இருக்காரு?"

"ஆமா தம்பி" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, இருமல் ரத்தமாகி, துணி முழுவதும் நனைந்தது. அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். "ஓடுளா! கரையில போயி வள்ளம் எடுக்கச் சொல்லு. சாமியார எறக்கிக் கூட்டியாரச் சொல்லு!"

ஓடினேன். மணல் சுட்டது. நான் கத்தியது கரையில் நின்றவர்களுக்குப் புரியவே கொஞ்சநேரம் பிடித்தது. கொட்டுமேளம் அவ்வளவு சத்தம். புரிந்ததும் நாலு பேர் வள்ளத்தைத் தள்ளினார்கள். சோழகக் காற்று எதிராக அடித்தது. பாய் விரித்துப் பயனில்லை. துடுப்புத்தான் வலித்தார்கள். அவர்கள் கையைக் குறை சொல்ல முடியாது.

நான் திரும்பி வந்தபோது அம்மா, குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைத் தலைமாட்டில் செருகி, மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றிச் சித்தப்பாவின் விரல்களை அதைச் சுற்றி மடக்கிப் பிடித்திருந்தாள். சாகிறவர் கையில் வெளிச்சம் இருக்க வேண்டும். சித்தப்பா என்னைப் பார்த்ததும், "பரிச்சைக்குப் படிச்சதச் சொல்லு" என்றார். விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னேன். அழுகையில் நடுவே ஒரு வரியை விட்டுவிட்டேன். அவர் திருத்தவில்லை. கடைசியில் வரும் நித்திய ஜீவியத்தை மட்டும் என்னோடு சேர்ந்து சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சாமியார் வந்துருவாரு தம்பி. வள்ளம் போயிருக்கு" என்றாள் அம்மா.

"வரட்டும். வராட்டாலும் ஆண்டவருக்கு நம்ம வீடு தெரியும் மதினி" என்றார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "அண்ணன்ட்ட ஒண்ணு சொல்லணும். இம்புட்டு வருசமா அவன் மேல நின்னான், நான் கீழ போனேன். இனி நான் மேல நிக்கப் போறேன். கயித்த நான் பிடிச்சுக்கிடுதேன். அவன் ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், தாமசிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அதற்கப்புறம் பேச்சில்லை. அம்மா அவர் காதில் சேசு, மரி, சூசை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் உதடும் கூடவே அசைந்தது; ஒரு கட்டத்தில் அவள் மட்டுந்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மெழுகு உருகி அவள் கையில் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

இடுப்புவரை நனைந்த அங்கியோடு சாமியார் ஓடிவந்தார். ஆன்மா எப்போது கிளம்புகிறது என்று நமக்கென்ன தெரியும் என்று சொல்லி, உயிர் இருக்குமானால் என்று நிபந்தனை வைத்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். நன்மையைக் கொடுக்க முடியாது. செத்தவர் வாயில் ஆண்டவரை வைக்க வழியில்லை. வருகிற வழியில் கோயிலுக்குள் ஓடி எண்ணெயோடு எடுத்து வந்த நன்மைச் சிமிழை அவர் திறக்காமலேயே நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் பின்னால் அப்பா, கழுத்தில் அந்தச் செவ்வந்தி மாலையோடு. புது மெசினுக்குள் என்னமோ அடைத்துக்கொண்டதாம். தீர்த்தம் பட்ட அவர் சட்டை இப்போது கடல்தண்ணீரில் நனைந்திருந்தது. கட்டிலருகே குனிந்து, தூங்குகிறவனை எழுப்புகிற குரலில், "தம்பி, லாஞ்சு எறங்கிட்டுல. பாத்தியால?" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். சாமியார்தான் மாலையைக் கழற்றினார்.

அதற்கடுத்த வாரம் நமக்குப் புதுநன்மை. எங்கள் வீட்டில் துக்கம் என்பதால் எனக்குப் பூமுடி கிடையாது. உங்களில் சிலர் ஏன் என்று கேட்டீர்கள். சாமியார் என் நாவில் வைத்தபோது, சித்தப்பாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். பிள்ளை பக்தியில் அழுகிறாள் என்று சிஸ்டர் எல்லாரிடமும் சொன்னார். அப்பா அன்று நன்மை வாங்க வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கோயிலில் கடைசித் தூண் ஓரம், கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றவர்கள் பலிபீடத்துக்குப் போகும்போது தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்குட்டையைப் பிடித்த கை அது என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

லாஞ்சு ஓடியது. நன்றாகவே ஓடியது. ஒன்று மூன்றானது, ஓட்டு வீடு மாடி வீடானது. ஊரில் அப்பாவுக்கு முதலாளி என்று பெயர் வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒருநாளும் அந்த லாஞ்சில் ஏறவில்லை. தம்பி கடைசியில் என்ன சொன்னான் என்றும் ஒருநாளும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சிறுமியாக இருந்த எனக்கும் வாய்ப்பூட்டு போட்டாள். "கேக்கட்டும் சொல்லுதேன். கேக்காதவர்ட்ட சொன்னா அது சூடு வைக்கிற மாதிரி இருக்கும்" என்பாள். அவள் செய்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. அவ்வளவு நாள் ஒரு மனிதர் அதைக் கேட்கப் பயந்து வாழ்ந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது என் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். கைமணி, வெள்ளைக் குடை எல்லாம் ஊரிலிருந்து போய்விட்டன. இளம் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு நீண்டநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். எண்ணெய் பூசி, நன்மை வாங்கினார். நாங்கள் உள்ளே வந்தபோது அவர் வாய் மூடியிருந்தது, கண் அம்மாவைத் தேடியது.

"தம்பி கடைசியா என்ன சொன்னான்?" என்றார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மேலே நிற்பது, கயிறு பிடித்திருப்பது, தாமசிக்க மாட்டேன் என்றது. அப்பா கேட்டார். அவருடைய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. அம்மாவின் சேலை முந்தி அவருடைய அந்தத் தடித்த உள்ளங்கைக்குள் கிடந்தது. கொஞ்சம் கழித்து அதை இறுக்கிப் பிடித்து ஒருமுறை இழுத்தார். ஒரே ஒருமுறை.

அம்மா எழுந்து போய் மந்திரித்த மெழுகுதிரியை எடுத்து வந்தாள்.